உப்புத் தண்ணீருக்கு எந்த பைப்?

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 அங்குல பைப்பை மாற்ற வேண்டும். பிளம்பர் 'சி கிளாஸ்' ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போடலாம் என்கிறார். கடைக்காரர் சீம்லெஸ்தான் உசத்தி என்கிறார். மகன் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போடச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, திருச்செந்தூர்

பதில்: சீம்லெஸ் உங்களுக்கு வேண்டாம், அம்மா. பற்றவைத்த மூட்டு இல்லாத அந்தக் குழாய் பாய்லர் வேலைக்கானது. அரிசி ஆலையில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ அழுத்தத்தில் நீராவி ஓடும்போது சூடு 180 டிகிரியைத் தாண்டும். அங்கே அதுதான் சரி. உங்கள் மாடி பத்து மீட்டர் உயரம் என்றாலும் அழுத்தம் ஒரு கிலோதான். தகட்டை வளைத்துப் பற்றவைத்த சாதாரண ஈ.ஆர்.டபிள்யூ. குழாயே தாராளமாகத் தாங்கும். சீம்லெஸ்ஸும் அதே இரும்புதான், உப்பு அதையும் அரிக்கும்.

ஜி.ஐ. பைப்பில் மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. 1 அங்குலத்தில் சுவரின் கனம் முறையே 2.6, 3.2, 4 மில்லிமீட்டர். மரை வெட்டும்போது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் போய்விடும். அதோடு அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய்விடும். ஏ கிளாஸில் மரையடியில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஜி.ஐ. லைன் பெரும்பாலும் எல்போ (வளைவு இணைப்பு) பக்கத்திலேயே கசிய ஆரம்பிப்பது இதனால்தான். அந்த வகையில் உங்கள் பிளம்பர் சொன்னது நியாயம். நல்ல தண்ணீராக இருந்தால் நானும் சி கிளாஸே போடச் சொல்வேன். ஆனால் உப்புத் தண்ணீரில் கனமான சுவர் பைப் ஓட்டையாகும் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

மகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் எஸ்.எஸ். என்று மட்டும் கேட்டால் கடையில் 304 என்ற ரகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். 316 என்ற ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு. உப்பு குத்திக் குத்தித் துளை போடுவதை அதுதான் தடுக்கிறது. முதலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து குளோரைடு அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் என்றால் 304 போதும். அதற்கு மேல் 316. ஆயிரத்தைத் தாண்டினால் இரும்பு, எஸ்.எஸ். எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் பைப்புக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், எஸ்.எஸ். போட்டால் எல்போ, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) எல்லாமே எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். நடுவில் ஒரு ஜி.ஐ. எல்போ புகுந்தாலும் முதலில் அரித்துப் போவது அதுதான். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.