லுத்தரன் உயர்நிலைப்பள்ளியில் புதிய கல்வியாண்டு: கேள்வி பதில்

நாகப்பட்டினம் பக்கம் ஒரு லுத்தரன் உயர்நிலைப்பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்தேன். ஆறு முதல் பத்து வரை வகுப்புகள், அரசு உதவிபெறும் பள்ளி. இப்போது மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். பள்ளி திறக்கும் நேரத்தில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே பலர் கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே (கெப்போங், ஆசிரியை): வரும் ஆண்டு எனக்குத் துணை முதல்வர் பொறுப்பு. முதலில் எதைக் கையில் எடுப்பது, டீச்சர்?

ப: கால அட்டவணை. மற்றதெல்லாம் அப்புறம். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது எல்லாரும் வெள்ளையடிப்பதையும் வரவேற்புத் தோரணத்தையும் பற்றியே பேசுவார்கள். நீங்கள் எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு என்று பாருங்கள். வழக்கம் என்ன? கைதேர்ந்தவர்கள் எல்லாரும் பத்தாம் வகுப்புக்கு, பொதுத்தேர்வு இருக்கிறதே. நேற்று வேலைக்கு வந்தவருக்கு ஆறாம் வகுப்பு.

நானும் இரண்டாம் ஆண்டில் அப்படித்தான் போட்டேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை தமிழ்த் தாளில் கேள்விகளையே முத்துமுத்தான கையெழுத்தில் திருப்பி எழுதி வைத்திருந்தது. கூப்பிட்டுப் பாடநூலின் முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். விரலை முதல் வரியில் வைத்தது, எடுக்கவே இல்லை. எழுத்தைப் பார்த்து வரையத் தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை. அந்த வகுப்பில் அப்படி 14 பேர். ஜூனில் சேர்ந்த பிள்ளைகள், டிசம்பர் வரை யாருக்கும் தெரியவில்லை. அந்த இளம் ஆசிரியர்மேல் குற்றமில்லை. அட்டவணையில் கையெழுத்துப் போட்டது நான்.

மறு ஆண்டு எங்கள் மூத்த தமிழாசிரியரை ஆறாம் வகுப்புக்கு மாற்றினேன். பத்தாம் வகுப்புப் பெற்றோர் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். தாளாளர் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார். நான் அசையவில்லை. இந்த ஊரில் தமிழ்த் தொடக்கப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கோ, அதற்கு முந்தைய புகுமுக வகுப்புக்கோ வரும் பிள்ளை, ஒரே நாளில் கணக்கையும் வரலாற்றையும் மலாயில் கேட்கத் தொடங்குகிறது. அந்த வகுப்புக்குள் யார் போகிறார் என்று பாருங்கள். உங்கள் பள்ளியின் தேர்ந்த கை அங்கே போகட்டும்.

கே (செந்தூல்): பள்ளி எப்போது திறக்கிறது?

ப: 2026 கல்வியாண்டு கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜனவரி 12-ல். கோவிட் காலத்தில் தள்ளிப்போன நாட்காட்டி மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது.

கே (பட்டர்வொர்த்): இங்கே மெதடிஸ்ட் பள்ளி தெரியும், கான்வென்ட் தெரியும். லுத்தரன் பள்ளிக்கு என்று தனியாக என்ன இருக்கிறது?

ப: நல்ல கேள்வி. லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1524-ல் ஜெர்மானிய நகர மன்றங்களுக்குப் பள்ளிகளைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துப்பாக்கிக்கும் சாலைக்கும் பாலத்துக்கும் ஆண்டுதோறும் இவ்வளவு செலவழிக்கிறீர்களே, ஏழைப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு ஆசிரியர்களை வைக்கக் கூடாதா என்று கேட்டார். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்றார். அதாவது பள்ளியைச் சபை மட்டும் சுமக்கிற பாரமாக அவர் பார்க்கவில்லை, ஊர் முழுவதன் கடமை என்றார்.

நம் பக்கத்துக்கு அது வந்தது 1706 ஜூலை 9-ல், ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது. வந்தவர் முதலில் மாணவரானார். ஒரு திண்ணைப்பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி. லுத்தரன் பள்ளிக்குத் தலைமை ஏற்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த மணல் கதையைத்தான். பிரிக்பீல்ட்ஸில் 1924-ல் கட்டிய சீயோன் ஆலயத்தில் ஞாயிறன்று தமிழ் ஞானப்பாட்டு கேட்கும்போதெல்லாம் அந்த மணல் நினைவுக்கு வரும்.

கே (செராஸ்): மகனுக்கு நல்ல மிஷன் பள்ளியில் இடம் கிடைக்குமா?

ப: நான் ஓய்வு பெற்றவள், இடம் வாங்கித் தர வழியில்லை. கல்வி இலாகாவில் கேளுங்கள்.

கே (ஜெலுத்தோங்): உங்கள் பள்ளியில் இந்துப் பிள்ளைகள் இருந்திருப்பார்களே. காலை வழிபாட்டுக்கு எல்லாரும் வந்தாக வேண்டுமா?

ப: பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், கொஞ்சம் முஸ்லிம் பிள்ளைகள். வந்தாக வேண்டும் என்பதில்லை. இந்திய அரசியலமைப்பின் 28(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்த வழிபாட்டிலும் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. இங்கேயும் மலேசிய அரசியலமைப்பின் 12(3) அதையே சொல்கிறது, தன் மதம் அல்லாத வழிபாட்டில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று.

கே (பிறை): மிஷன் பள்ளி என்று தெரிந்துதானே சேர்க்கிறார்கள்? அதுவே சம்மதம் இல்லையா?

ப: இல்லை, தம்பி. ஒரு முறை அப்படித்தான் எங்கள் ஆசிரியர் ஒருவரும் நினைத்துவிட்டார். தகப்பனார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்த ஒரு முஸ்லிம் பையனை, வழிபாடு முடியும்வரை வெயிலில் வெளியே நிற்க வைத்தார். மறுநாள் காலை அந்தத் தகப்பனார் என் அறைக்கு வந்தார். குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டார்: “எம்பையன் என்ன தப்பு செஞ்சான் டீச்சர்?” நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு சேர்க்கைப் படிவத்தோடு தமிழில் ஒரு சம்மதத் தாள் வைத்தோம். வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கால்மணி நேரம் நூலகத்தில் செய்தித்தாள் வாசிப்பு, பொறுப்புக்கு ஓர் ஆசிரியர். அது தண்டனை போலத் தெரிந்துவிடக் கூடாது, அதில்தான் கவனம் வேண்டும்.

கே (பிரிக்பீல்ட்ஸ், சபை உறுப்பினர்): இப்படி விட்டுக்கொடுத்தால் லுத்தரன் என்ற பெயர் எதற்கு, அக்கா? போதகர் ஐயர்மார் என்ன சொல்வார்கள்?

ப: லுத்தர் சொன்னதையே சொல்வார்கள். 1529-ல் சிறிய ஞானோபதேசம் என்ற தன் அடிப்படைப் போதனை நூலுக்கு எழுதிய முன்னுரையில், யாரையும் வற்புறுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது என்று எழுதியிருக்கிறார். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வழிபாடு ஒரு நாளும் நின்றதில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பும் நின்றதில்லை.

கே (ஜெலுத்தோங், மறுபடியும்): அதே லுத்தர்தான் யூதர்களைப் பற்றிக் கொடுமையாக எழுதினார்.

ப: எழுதினார், 1543-ல். கொடுமையான எழுத்துதான், அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். பிற்கால லுத்தரன் சபைகளே அதை வெளிப்படையாகக் கண்டித்திருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. இதைப் பற்றி இன்னும் ஏழெட்டுக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதுவே பதில்.

கே (கிள்ளான், ஆசிரியர்): ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வான எஸ்பிஎம்மில் தேர்ச்சி குறைந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சும்மா விடுமா? நல்ல ஆசிரியரைக் கீழ் வகுப்புக்கு அனுப்பச் சொல்கிறீர்களே?

ப: விடாது. என்னையும் விடவில்லை. ஆனால் முதல் படிவத்தில் வாசிக்கத் தெரியாமல் விட்ட பிள்ளைதான் ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் எழுதுகிறது. சங்கக் கூட்டத்தில் இதைப் பெயர் சொல்லாமல், ஒரு விடைத்தாளின் நகலைக் காட்டிச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது.

கே (ஈப்போ): உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் எப்படி முடிவாகிறது?

ப: தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்து. ஜூனிலும் ஜூலையிலும் தலைமையாசிரியர் வீடுவீடாக நடப்பது அதனால்தான். பத்துப் பிள்ளை குறைந்தால் ஓர் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போக வேண்டி வரலாம்.

கே (ரவாங்): மகளுக்கு இடம்...

ப: மேலே சொல்லிவிட்டேன், அம்மா.

கே (கூலிம்): முதல்வருக்கு நல்ல கார், நல்ல அலுவலகம் தேவையா?

ப: இதற்கு நேரமில்லை.

கே (பினாங்கு, புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியை): நாளை பள்ளி திறக்கிறது. இன்று மாலை என்ன செய்வீர்கள், டீச்சர்? தூக்கம் வரவில்லை.

ப: எனக்கும் வராது, அம்மா. மாலை ஐந்து மணிக்குத் தனியாகப் பள்ளிக்குப் போவேன். முதலில் பெண்பிள்ளைகளின் கழிவறை. ஒவ்வொரு குழாயையும் திறந்து தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பேன். ஒரு முறை ஏழில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தச்சரைக் கூப்பிட்டு இருட்டுவதற்குள் போடச் சொன்னோம். பிறகு ஆறாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் நானே எழுதிய ஒரு வரி அங்கிருந்து தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியவில்லை என்றால் பெஞ்சை முன்னால் இழுத்துப் போடுவேன். அப்புறம் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, புதிய பிள்ளைகளின் பெயர்களை வாய்விட்டுப் படிப்பேன், எல்லாப் பெயரும் சரியாக வரும்வரை. காலையில் ஏழு மணிக்கு வாசலில் நில்லுங்கள். அட்டவணையை இன்று இரவே ஒரு முறை எடுத்துப் பாருங்கள். முதல் படிவத்துக்கு யாரைப் போட்டிருக்கிறீர்கள்?