புதுக்கோட்டைக் குன்றுகள்: கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டில் கூட்டம் போகாத, ஆனால் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நான் புதுக்கோட்டைக்காரன். பாறை, குடைவரை, கல்வெட்டு இவைதான் எனக்குத் தெரியும். பதிலும் அந்தப் பக்கமே சாயும்.

கோவையிலிருந்து ஒருவர்: நிறைய வேண்டாம் சார், ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

நார்த்தாமலை. திருச்சி – புதுக்கோட்டை சாலையில் கீரனூர் தாண்டி உள்ளே போக வேண்டும். அங்கே பல குன்றுகள் உண்டு. நீங்கள் ஏற வேண்டியது மேலமலை. சரிவான மொட்டைப் பாறைதான், கஷ்டமில்லை.

வழியில் தலையருவிச் சிங்கம் என்றொரு சுனை வரும். சும்மா தண்ணீர்க் குட்டை என்று தாண்டிப் போய்விடுவார்கள். அதற்குள்ளே பாறையைக் குடைந்து ஒரு சிறு கோயில், அதில் ஒரு லிங்கம். நீரை இறைத்தால்தான் தரிசனம்.

மேலே போனால் விஜயாலய சோழீச்சுரம், மேற்குப் பார்த்த கோயில். வெளியிலிருந்து பார்த்தால் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சதுரச் சுவருக்கும் வட்டச் சுவருக்கும் நடுவே ஒரு குறுகிய சுற்றுப்பாதை. தமிழ்நாட்டில் இந்த அமைப்பு அபூர்வம். சுற்றிலும் சின்னச் சின்னச் சன்னதிகள், சில சிதைந்துவிட்டன. எதிரே இரண்டு குடைவரைகள். பெரியதின் முன்மண்டபச் சுவரில் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள், ஆளுயரத்தில், ஏறக்குறைய ஒரே அச்சில் வரிசையாக நிற்கின்றன. அந்தக் குடைவரைக்கு ஊரில் வழங்கும் பெயர் சமணர் குடகு. முன்பு சமணர் இடமாக இருந்து பிறகு மாறியது.

காலையில் ஏழு மணிக்குள் ஏறுங்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பதினோரு மணிப் பாறையில் நடந்து பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். தண்ணீர் எடுத்துப் போங்கள், மேலே கடை கிடையாது. பாறை மடிப்புகளில் மலைத்தேனீக் கூடு இருந்தால் சத்தம், புகை, சென்ட் எதுவும் ஆகாது.

சென்னையிலிருந்து: சித்தன்னவாசல் போனோம். இரண்டு தூண், மங்கலான ஒரு கூரை. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஏமாற்றம்.

பத்து நிமிடத்தில் கண்ணே இருட்டுக்குப் பழகாதே!

அடுத்த முறை அந்தச் சமணக் குடைவரையின் முன்மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்து, கூரை ஓவியத்தை அண்ணாந்து பாருங்கள். முதலில் பச்சைதான் தெரியும், அது தாமரை இலை. அப்புறம் மீன், அன்னம், எருமை, யானை என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் ஆட்கள். குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள், ஒருவர் கொத்தாகத் தாமரையை வைத்திருக்கிறார். பறிப்பவர் முகத்தில் அவசரமே இல்லை. தூண்களில் ஆடல் மகளிர். ஒரு தூணில் கிரீடத்தோடு ஓர் அரசர், பக்கத்தில் அரசி. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கே உள்ள கல்வெட்டு சொல்கிறது.

ஏழடிப்பட்டம் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். அது அதே குன்றின் மறுபக்கம், ஏறிப் போக வேண்டும். கைப்பிடிக் கம்பி போட்ட விளிம்பைத் தாண்டினால் இயற்கையான ஒரு குகை. தரையில் பதினேழு கற்படுக்கைகள், தலையணை மேடோடு செதுக்கி வழவழப்பாக்கியவை. ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. அதில் தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்பு தடவி, செல்போனில் எடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தாலே எழுத்து தெரியும்.

சேலத்திலிருந்து: பக்கத்தில் நல்ல அருவி?

அருவிக்கு நீங்கள் ஊரைவிட்டு வரவே வேண்டாம். கொல்லிமலை உங்களுக்குப் பக்கம்.

ஓசூரிலிருந்து: சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம், கொடும்பாளூர், ஒரே நாளில் முடியுமா?

காரில் சுற்றிவிடலாம், பார்க்க முடியாது. ஒரு நாளுக்கு இரண்டு. காலையில் ஏறுகிற குன்று, மாலையில் நிழல் உள்ள கோயில். கொடும்பாளூர் மூவர் கோயிலை வரும் வழியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், திருச்சி – மதுரை நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் குலத் தலைவர் தனக்கும் இரண்டு தேவியருக்கும் எடுத்த மூன்று கோயில்களில் இரண்டு நிற்கின்றன.

தஞ்சாவூரிலிருந்து: நார்த்தாமலைக் கோயில் விஜயாலய சோழன் கட்டியது என்று ஏன் சொல்லவில்லை? சோழர்களின் முதல் கோயில் அல்லவா?

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அந்தக் கோயிலில் உள்ள கல்வெட்டு இதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் என்கிறது. அவர் முத்தரையர் குலத் தலைவர். மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் சொல்கிறது. விஜயாலயன் பெயர் அதில் இல்லை. கோயில் பெயரில் அவர் வருவது பிற்காலப் பாண்டியர் கல்வெட்டிலிருந்து.

இராமநாதபுரத்திலிருந்து: அப்படியென்றால் முத்தரையர் கோயில் என்றே பலகை வைக்கலாமே?

பலகை வைப்பது என் வேலை இல்லை. ஆனால் சூழலைப் பாருங்கள். எதிரே உள்ள சின்னக் குடைவரையான பழியிலீச்சுரத்தைக் குடைவித்தவர் சாத்தன் பழியிலி, விடேல்விடுகு முத்தரையரின் மகன். காலம் பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மரின் 7ஆம் ஆட்சியாண்டு. அதற்கு முன்மண்டபம் எடுத்து நிலம் கொடுத்தவர் பழியிலியின் மகள், பழியிலி சிறிய நங்கை. அவர் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு அந்த மலையில் பிடித்த கல்வெட்டு அதுதான்.

மறுபடியும் தஞ்சாவூர்: கல்வெட்டைப் பின்னால் வந்தவர்கள் வெட்டியிருக்கலாம். கட்டடக் கலை சோழர் பாணி.

வெட்டியிருக்கலாம், இருக்கலாம், இருந்திருக்கலாம். முற்சோழர் பாணி என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, முத்தரையர் என்று சொல்பவர்களும் உண்டு. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதியில் பாணிக்கு எல்லைக்கோடு போட்டுக்கொண்டு யாரும் உளி பிடிக்கவில்லை. கல்லில் உள்ள பெயரை விட்டுவிட்டு இல்லாத பெயரைச் சொல்ல நான் தயாரில்லை. இதற்குள் இன்னும் நாலு பேர் ‘எங்கள் ஆள்’, ‘உங்கள் ஆள்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவற்றுக்குப் பதில் கிடையாது.

திருப்பூரிலிருந்து: என் மகளுக்குப் பத்து வயது. கோயில் என்றால் ஓடுகிறாள், டைனோசர் என்றால் உயிர்.

அவளை பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குக் கூட்டிப் போங்கள். ஓடைக்கரையில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது, நீளம் 18 மீட்டர். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. டைனோசர்கள் உயிரோடு இருந்த காலம் என்று சொல்லுங்கள், அவளே முன்னால் நடப்பாள். அப்போது அந்தப் பக்கம் கடல் இருந்தது. ஆற்றோடு அடித்து வரப்பட்ட மரம் மணலில் புதைந்து, மரம் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறிக் கல்லானது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். பக்கத்தில் காரை என்ற ஊரில் மழை அரித்த வெட்டவெளி இருக்கிறது, பழைய கடல் உயிர்களின் தடயங்கள் தரையிலேயே தெரியும். பார்க்கலாம், பொறுக்கக் கூடாது. பெற்றோர்தான் முதலில் பை நிரப்புகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். நிழல் கிடையாது, தொப்பி போட்டுவிடுங்கள்.

வேலூரிலிருந்து: ஒரே நாளில் எல்லாம் பார்க்க ஒரு பிளான் கொடுங்கள்.

ஓசூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மதுரையிலிருந்து: பாட்டு கற்கிறேன். இசைக் கல்வெட்டு உங்கள் ஊரில்தானே?

குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலை ஒட்டி மேலே போனால் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் சுரங்கள் பத்திபத்தியாக வெட்டப்பட்டிருக்கும். ஏழு பிரிவுகள். எழுதச் சொன்னவர் மகேந்திரவர்மன் என்று நெடுநாள் சொன்னார்கள், இப்போது பலர் அதை ஏற்பதில்லை. கீழே இறங்கும்போது நாயக்கர் கால மண்டபத் தூண் சிற்பங்களையும் பாருங்கள், அவசரப்படாமல். பாறையைத் தடவ வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: ட்ரோன் விடலாமா?

கூடாது. அனுமதியும் கிடையாது, தேனீயும் சும்மா விடாது.

சிவகாசியிலிருந்து: திருமயம் கோட்டை ஒரே நாளில்...

திருமயம் மட்டும் என்றால் அரை நாள் போதும். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. அடிவாரத்துச் சிவன், பெருமாள் குடைவரைகள் மதியம் நடை சாத்திவிடும், காலையிலேயே போய்விடுங்கள். மற்றவற்றையும் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்றால், மேலே பாருங்கள்.

மூன்றாம் முறை தஞ்சாவூர்: நேரில் பார்க்கிறேன். எப்படிப் போவது?

திருச்சியில் புதுக்கோட்டைப் பேருந்து ஏறி, நார்த்தாமலைப் பிரிவில் நிறுத்தச் சொல்லுங்கள். எல்லா வண்டியும் நிற்காது, ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். கோயில் பூட்டியிருந்தால் காவலாளியைக் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பழியிலீச்சுரத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள். தண்ணீர் இரண்டு பாட்டில்.