கேளுங்க டாக்டரம்மா: கருவாடு, கொசு, அப்பாவோட இசிஜி

போன இதழ்ல வயித்துப்புண் பத்தி ஒரு கேள்விக்கு எழுதறப்ப பேச்சுவாக்குல "நான் ஆர்மி டாக்டரா தெற்கு சூடான்ல இருந்தப்ப"ன்னு ஒரு வரி போட்டுட்டேன், அவ்ளோதான். இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எதுலயும் சுகர் பிபியக் காணோம், எல்லாரும் அதையே புடிச்சுக்கிட்டீங்க. சரி, இந்தத் தடவ முழுக்க அதுக்கே. வயித்துப்புண்காரங்க ஒரு மாசம் பொறுத்துக்கங்க, காரத்த மட்டும் கொறச்சுக்கங்க.

கேள்வி: ராயபுரத்துப் பொண்ணு ஆப்பிரிக்காவுக்கு எதுக்குப் போனீங்க? அங்க நம்ம ஆர்மிக்கு என்ன வேல? ஒரு நாள் எப்படிப் போகும்? - ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

அது ஐ.நா. அமைதிப்படை வேலங்க. தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்னிக்கு தனி நாடாச்சு, அப்பவே ஐ.நா. மிஷனும் ஆரம்பிச்சுது, 2013 டிசம்பர்ல அவங்களுக்குள்ளயே பெரிய சண்ட வந்து லட்சக்கணக்குல ஜனங்க வீடு வாசல் விட்டு ஓடுனாங்க. ரொம்ப பேரு ஐ.நா. கேம்ப் வாசலுக்கே வந்து ஒக்காந்துட்டாங்க. நம்ம பட்டாலியனுங்க அங்க ரொம்ப வருஷமா இருக்கு, கூடவே டாக்டருங்களும். இது ஒண்ணும் புதுசு இல்ல. 1950ல கொரியா சண்டைக்கு இந்தியா அனுப்புன 60வது பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸ்ங்கற ஆர்மி டாக்டர் யூனிட்டுக்கு தலைமை தாங்கிப் போனவர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச ஏ.ஜி. ரங்கராஜ், மகாவீர் சக்ரா வாங்குனவரு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல பஸ்ஸுக்கு நிக்கறப்ப அந்தக் காலேஜ் காம்பவுண்டு சுவரப் பாத்தா எனக்கு அவரு ஞாபகம் தான் வரும்.

நான் இருந்தது மலக்கால்னு ஒரு ஊரு, வெள்ளை நைல் கரையில. ரூம்னா கன்டெய்னர் மாதிரி ஒரு பொட்டி, ஜெனரேட்டர் சத்தம் ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கும், அது நின்னா தான் முழிப்பு வரும். வெயில் காலத்துல 40 டிகிரிய தாண்டும். மழ வந்தா அந்தக் கரிசல் மண்ணு இருக்கே, பூட்ஸ உள்ள இழுத்துக்கிட்டு திருப்பித் தராது, ரோடுன்னு ஒண்ணே இருக்காது, ஆளு போனாலும் மருந்து வந்தாலும் ஹெலிகாப்டர் தான். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ஏழு மணிக்கு ஓபி, மத்தியானம் ஆபரேஷன் இருந்தா தியேட்டர், இல்லன்னா ஸ்டாக் கணக்கு, சாயங்காலம் கேம்ப் வேலிக்கு உள்ளயே சுத்திச் சுத்தி நடை.

துப்பாக்கிச்சூடு கேஸ் தான் தெனமும் பாத்திருப்பேன்னு நெனப்பீங்க. வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஓபியில வந்தது முக்காவாசி முதுகுவலி, படை, சேத்துப்புண்ணு, வயித்தப்போக்கு, அப்புறம் தலவலி. இந்தத் தலவலிய நான் ஒரு மாசம் கழிச்சு தான் புரிஞ்சுக்கிட்டேன். ஞாயித்துக்கெழம ஜவானுங்க வீட்டுக்கு ரொம்ப நேரம் போன் பேசுவாங்க, திங்கக்கெழம காலைல தலவலிக் க்யூ நீளமா இருக்கும். பாராசிட்டமால் எழுதறதுக்கு முன்னாடி "வீட்ல என்ன சமாசாரம்"னு கேக்க ஆரம்பிச்சேன். ஒருத்தருக்கு அண்ணங்காரன் வயலு வரப்ப நவுத்திட்டான், இன்னொருத்தருக்கு பொண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் காஸ் சிலிண்டர்ல சண்ட. அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால நின்னுக்கிட்டு சிலிண்டர் சண்டையத் தீக்க முடியுமா சொல்லுங்க, தல வலிக்காம என்ன பண்ணும்.

கேள்வி: அங்க கொசு ரொம்பவாமே? எங்க ஏரியாவ விடவா? - வாசகி, கொடுங்கையூர்

உங்க ஏரியாவ விடவான்னு கேட்டீங்க பாருங்க, சிரிச்சுட்டேன். எண்ணிக்கைல நீங்க தோக்க மாட்டீங்க. வித்தியாசம் கிருமியில. நம்ம வடசென்னைல பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா, ஆள படுக்கப் போடும், திரும்பத் திரும்ப வரும், உயிர எடுக்கறது கம்மி. அங்க ஃபால்சிபாரம், சரியா கவனிக்கலன்னா காய்ச்சல்னு வந்து ரெண்டு மூணு நாள்லயே மூளைக்கு ஏறிடலாம், கோமா வரைக்கும் போயிடலாம். அதனால காய்ச்சல்னு ஒருத்தர் வந்தா மொதல்ல விரல்ல குத்தி டெஸ்ட், அப்புறம் தான் பேரே கேப்போம். வராம இருக்க மாத்திர வேற. வாரத்துக்கு ஒண்ணு போடற மெஃப்ளோகுயின் சில பேருக்கு பயங்கரமா கெட்ட கனவு கொண்டாந்துடும், அவங்களுக்கு தெனமும் டாக்ஸிசைக்ளின்.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. நம்ம ஊரு ஓவர்ஹெட் டேங்க்லயும் கெணத்துலயும் முட்ட போடுமே அனாபிலஸ் ஸ்டீஃபன்சி, அது 2012ல ஆப்பிரிக்காவுல ஜிபூட்டியில தென்பட்டுச்சு, அப்புறம் எத்தியோப்பியா, சூடான்னு பரவிக்கிட்டு இருக்கு. அங்கத்த கொசு கிராமத்துல குட்டையில வளரும், இது டவுன்ல தண்ணித்தொட்டியில வளரும், அதான் எல்லாருக்கும் கவல. நம்ம டேங்க் மூடிய ஒழுங்கா மூடுங்கம்மா.

போறதுக்கு முன்னாடி மஞ்சக்காமாலை ஊசியான்னும் சில பேரு கேட்டிருக்கீங்க. அது இல்ல, மஞ்சள் காய்ச்சல், யெல்லோ ஃபீவர், ரெண்டும் வேற வேற. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க. பத்து நாள் முன்னாடியே போட்டிருக்கணும், ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். ஊசி போட்டதுக்குக் குடுக்கற மஞ்ச கார்டு இல்லாம அந்தப் பக்கத்துல இருந்து திரும்பி வந்தா ஏர்போர்ட்லயே ஆறு நாள் வரைக்கும் தனியா ஒக்கார வச்சுடுவாங்க, பத்திரமா வச்சுக்கங்க.

கேள்வி: மீன் இல்லாம ஒரு வருஷம் எப்படிக்கா இருந்தீங்க? - காசிமேட்டுல இருந்து ஒரு தங்கச்சி

கரெக்டான எடத்துல கை வச்ச. ஐ.நா. ரேஷன்ல வர்றது ஐஸ்ல கல்லு மாதிரி ஒரு மீன், எந்தக் கடல்ல எப்ப செத்துச்சோ. நைல் ஆத்துல மீனு குமிஞ்சு கெடக்கு, மார்க்கெட் பக்கமா போனப்ப பாத்தேன், திலாப்பியா, அதான்டி நம்ம ஜிலேபி மீனோட சொந்தக்காரன். ஜிலேபிக்கு சொந்த ஊரே ஆப்பிரிக்கா தான், நம்ம ஊருக்கு 1952ல தான் கொண்டாந்து விட்டாங்க. வாங்கணும்னு கை துடிக்குது, ஆனா வெளிய எதுவும் வாங்கித் திங்கக் கூடாதுன்னு கேம்ப்ல நோட்டீஸ் ஒட்டுனது யாரு, நான் தான், கீழ என் கையெழுத்து இருக்கு. பாத்துட்டு வந்துட்டேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு மூணு கவர் போட்டு சுத்தி அனுப்பியிருந்தாங்க. ஒரு நாள் ராத்திரி லங்கர்ல, அதான் ஆர்மி சமையக்கட்டுல, கெஞ்சி வறுத்தேன், பக்கத்து ப்ளாக்ல இருந்து ஒரு மேஜர் சாப் ஓடி வந்து எங்கயோ ஒயரு எரியுதுன்னாரு.

கேள்வி: ஸ்டான்லில ஹவுஸ் சர்ஜன். ஆர்மிக்குப் போகணும்னு ஆச, வீட்ல "கஞ்சித்தொட்டில படிச்சுட்டு பார்டர்ல போய் சாகணுமா"ன்னு திட்றாங்க. எப்படி சேர்றது, சம்பளம் எப்படி? ஃபாரின் போனா டாலர்ல வருமா? - மாணவர், வியாசர்பாடி

உங்க வீட்ல இன்னும் ஸ்டான்லிய கஞ்சித்தொட்டின்னு தான் சொல்றாங்களா, கேக்கவே சந்தோஷமா இருக்கு, எங்க ஆயா அப்படித்தான் சொல்லும். தம்பி, எம்பிபிஎஸ், இன்டர்ன்ஷிப் முடிச்சவங்கள ஷார்ட் சர்வீஸ்ல நேரா கேப்டன் ரேங்க்லயே எடுப்பாங்க. இப்பல்லாம் நீட் பிஜி மார்க்க வச்சு இன்டர்வியூக்கு கூப்பிடறாங்க. மொதல்ல 5 வருஷம், புடிச்சிருந்தா நீட்டிச்சு மொத்தம் 14 வருஷம் வரைக்கும் இருக்கலாம். ட்ரெய்னிங் லக்னோ.

டாலர் பத்தி. ஐ.நா. ஆளுக்கு இவ்ளோன்னு மாசா மாசம் தர்ற காசு நேரா நம்ம கவர்மென்ட்டுக்குப் போகும், கவர்மென்ட் நமக்கு சம்பளத்தோட வெளிநாட்டு அலவன்ஸ் தரும், அது நல்லாவே இருக்கும், பொய் சொல்லல, எங்க வீட்டு மாடி அதுல தான் கட்டுனது. ஐ.நா. நம்ம கையில நேரா தர்ற தினப்படி எவ்ளோ தெரியுமா, ஒரு நாளைக்கு 1 டாலர் 28 சென்ட். எம்.சி. ரோட்டுல ரெண்டு கர்ச்சீப் வாங்கலாம்.

சாகறது பத்தி அப்பா அம்மா சொல்றத சிரிச்சுத் தள்ளாத. 2013 ஏப்ரல்ல அந்த நாட்டுலயே ஜோங்லெய்ங்கற மாநிலத்துல கான்வாய்ல போன நம்ம ஆளுங்க அஞ்சு பேரு செத்துருக்காங்க, அதே வருஷம் டிசம்பர்ல அகோபோங்கற ஊர்ல ரெண்டு பேரு. அவங்க பயம் நியாயமானது, ஒக்காந்து பேசு.

அப்புறம் படிக்கறவனுக்கு ஒரு தகவல்: அங்க பாம்புக்கடி நிறைய, ஆனா நம்ம ஊரு விஷமுறிவு மருந்து அங்க வேல செய்யாது. நம்மது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலுக்குன்னு செஞ்சது. அங்க பஃப் ஆடர், மாம்பா. புஸ்தகத்துல படிச்சிருந்தாலும் ஃப்ரிட்ஜ் முன்னாடி பாட்டில் லேபிள வாசிக்கறப்ப தான் அது ஒறைக்கும்.

கேள்வி: புள்ளைய விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு? தப்பா கேக்கல. - வாசகி, பெரம்பூர்

தப்பா தான் கேட்டிருக்கீங்க, பரவால்ல. எங்க வீட்டுக்காரரு ஆர்மியா இருந்து போயிருந்தா அவர யாரும் இத கேட்டிருக்க மாட்டாங்க. எங்க தெருவுல பாதி வீட்ல ஆம்பளைங்க கப்பல்லயும் கல்ஃப்லயும் இருக்காங்க, யாராவது கேட்டாங்களா.

போறப்ப பொண்ணுக்கு நாலு வயசு, மாமியாரு பாத்துக்கிட்டாங்க, நல்லா பாத்துக்கிட்டாங்க. திரும்பி வந்தப்ப என்னக் கண்டு ஓடல, அழல. ஆனா எதாச்சும் முக்கியமா சொல்லணும்னா அப்பா போன எடுத்துக்கிட்டு பக்கத்து ரூமுக்குப் போய் எனக்கு வீடியோ கால் போடுவா. நேர்ல வந்து சொல்லுடி கண்ணுன்னா மாட்டா. அவளுக்கு அம்மான்னா அந்த டப்பாவுல தான் பேசணும். ரெண்டு வாரம் நானும் அந்த ரூம்ல இருந்து இந்த ரூமுக்கு போன்லயே பேசுனேன்.

கேள்வி: என் பையன் ஆர்மி டாக்டர், இப்ப தெற்கு சூடான் தலைநகரம் ஜூபாவுல இருக்கான், இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அவங்க அப்பாவுக்கு சுகர்ல கால்ல புண்ணு, ஒரு விரல எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. பையன்கிட்ட சொல்ல வேணாம், அங்க தனியா கெடந்து தவிப்பான்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. - ஒரு அம்மா, திருவொற்றியூர்

அம்மா, சொல்லிடுங்க. உடனே சொல்லுங்க. ஏன்னு என் கதையச் சொல்றேன்.

2022, ஆகஸ்ட் மாசம், அங்க நல்ல மழ. நான் போன் பண்ணப்பல்லாம் அம்மா "அப்பா தூங்குறாருடி", "அப்பா கடைக்குப் போயிருக்காரு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, ஒன்பது நாளு. எங்கப்பா மத்தியானம் தூங்குற ஆளே இல்ல, ஹார்பர்ல வேல செஞ்ச ஒடம்பு. ஒன்பதாவது நாளு தம்பி போன எடுத்தான், அவன் ஏதோ பேசறான், பின்னாடி ஒரு சத்தம். ட்ராலி சக்கரம் ஒண்ணு தேஞ்சு போய் கீச்சு கீச்சுன்னு வர்ற சத்தம், அதுக்கும் பின்னால ஒரு மானிட்டர் அடிச்சு யாரோ அத நிறுத்துறாங்க. பதினோரு வருஷமா நான் அந்த சத்தத்துக்குள்ளயே வாழ்றவ. "எந்த வார்டுடா"ன்னு கேட்டேன். "டிவி சத்தம்க்கா"ன்னான். கட் பண்ணிட்டான், மறுபடி அடிச்சா எடுக்கல, அப்புறம் எங்களுக்கு நெட்டும் போயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ட்யூட்டி. வேல செஞ்சேன், கை நடுங்கல. ஆனா அந்த ஒரு ராத்திரில எங்கப்பாவ மனசுக்குள்ள மூணு தடவ சாகடிச்சுட்டேன், மூணும் மூணு வேற வேற வியாதி, ஒவ்வொண்ணும் எந்த மணிக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமே. சும்மா ஒரு ஆளுக்கு பயம் தான் வரும், டாக்டருக்கு அது பாடப்புஸ்தகமா வரும். மறச்சா அவன் நிம்மதியா இருப்பான்னு சொல்ற உங்க சொந்தக்காரங்களுக்கு இதச் சொல்லுங்க.

மறுநாள் தம்பி பயந்துக்கிட்டே இசிஜியும் ஆஞ்சியோ ரிப்போர்ட்டும் போட்டோ எடுத்து அனுப்புனான். ஹார்ட் அட்டாக், ஒரு ஸ்டென்ட் வச்சிருந்தாங்க, நல்லாவே வச்சிருந்தாங்க. அந்த இசிஜிய பெருசாக்கிப் பாத்தப்புறம் தான் படுத்துத் தூங்குனேன். ஹார்ட் அட்டாக்னு தெரிஞ்சதும் தூங்கிட்டேன்னா பாத்துக்கங்க. தம்பி மேல கோவம் மட்டும் ஒரு வருஷம் இருந்துச்சு, அவன் கல்யாணப் பத்திரிகைல என் பேரு கேப்டன்னு போட்டுட்டான், நான் அப்ப மேஜர், அதுக்கும் சேத்து வச்சுத் திட்டுனேன்.

இப்ப உங்க விஷயம். புண்ண நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுங்க, மேல ஒண்ணு, அடில ஒண்ணு. கால் எக்ஸ்ரே, மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட் ரெண்டும் அனுப்புங்க. காலுக்கு ரத்த ஓட்டம் எப்படின்னு டாப்ளர் எடுத்தாங்களான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, எடுக்கலன்னா பையனே அத தான் மொதல்ல கேப்பான், ஏன்னா ரத்தம் கீழ எறங்கலன்னா விரல எடுத்தாலும் புண்ணு ஆறாது. அவனால வர முடியுதோ இல்லயோ சரியான கேள்விய அங்க இருந்தே கேக்க முடியும், அதுவே அவனுக்கு பாதி தெம்பு. அவன் வர்ற வரைக்கும் ஆபரேஷன தள்ளிப் போடாதீங்க, லீவு கெடைச்சாலும் அது பெரியவங்க கையெழுத்து, அப்புறம் ஃப்ளைட்டு, ரெண்டு நாளாவது ஆயிடும், சீழு புடிச்ச கால் அதுக்குக் காத்திருக்காது.

எப்படிச் சொல்றதுன்னு யோசிக்காதீங்க. "பதறாதடா"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, அந்த ஒரு வார்த்தைல மீதிய அவனே கட்டிடுவான். போன அப்பாகிட்ட குடுங்க, அவரு மொதல்ல சாப்ட்டியான்னு கேக்கட்டும், குரல் கேட்டுரும், அப்புறம் அவரு வாயாலயே கால் விஷயத்த சொல்லட்டும். நம்மள விட அங்க மூணர மணி நேரம் பின்னாடி. ராத்திரி ஒன்பது மணிக்கு அடிங்க, அவனுக்கு சாயங்காலம் அஞ்சர, ஓபி முடிஞ்சிருக்கும்.