சிதறுவது ஸ்லக்கா, தோளா?

கேள்வி: என்னுடையது ரைஃபிளிங் (குழலுக்குள் செதுக்கிய சுருள் வரிகள்) இல்லாத, வழவழப்பான குழல் கொண்ட 12 போர் (குழல் அளவு) ஷாட்கன். மூன்று கம்பெனி ஸ்லக் (சிறுகுண்டுகளுக்குப் பதிலாக ஒரே பெரிய குண்டு உள்ள தோட்டா) வாங்கி, 50 மீட்டரில் வகைக்கு ஐந்தாக ஒரே மூச்சில் சுட்டுப் பார்த்தேன். முதல் வகை நன்றாகக் குவிந்தது, மூன்றாவது தாள் முழுக்கச் சிதறிவிட்டது. அதை ஒதுக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மூன்றாவது வகையைக் கையில் எடுக்கும்போது உங்கள் தோள் ஏற்கெனவே பத்து உதை வாங்கியிருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் ஈயம் நொடிக்கு 475 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், மூன்றரைக் கிலோ துப்பாக்கி ஏறக்குறைய நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வரும். அந்த உதைக்குப் பயந்து, விசை விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே உடம்பு தானாக விறைத்துக்கொள்கிறது, கண் மூடுகிறது, குழல் முனை கீழே இறங்குகிறது. சுடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நண்பர் ஒருவரை, நீங்கள் பார்க்காமல், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு டம்மி (மருந்து இல்லாத, வெடிக்காத) தோட்டாக்களைக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது 'டிக்' என்று சத்தம் மட்டும் வர, குழல் முனை குனிந்தால், சிதறலுக்குக் காரணம் ஸ்லக் என்று சொல்ல முடியாது.

அப்புறம் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், ஆனால் வரிசையை மாற்றி. மூன்று தாள் ஒட்டி, முதல் வகையில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று என்று சுற்றிச் சுற்றிச் சுட்டால், தோள் களைப்பும் குழல் சூடும் மூன்றுக்கும் சமமாகப் பங்காகும். இடையிடையே துப்பாக்கியைத் திறந்து வைத்து ஆற விடுங்கள், தோளையும்தான். மணல் மூட்டையைக் குழலுக்கு அடியில் வைக்காதீர்கள், முன்கையால் பிடிக்கும் முன்கட்டைக்கு அடியில் வையுங்கள். மேஜைமேல் கவிழ்ந்து படுத்தபடி சுடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும், ஏனென்றால் நின்று சுடும்போது உடம்பு பின்னால் சாய்ந்து உதையை வாங்கிக்கொள்ளும், கவிழ்ந்திருந்தால் அதற்கு வழியில்லை, முழுக்கத் தோள் எலும்பிலேயே இறங்கும். மூட்டையை உயர்த்தி நிமிர்ந்து உட்காருங்கள். தோளில் ஒரு நல்ல பேட் கட்டிக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

கேள்வி: குவிப்பை எப்படி அளப்பது? மூன்று குண்டு போதுமா?

பதில்: மிகத் தூரமாக விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து, ஒரு குண்டின் விட்டத்தைக் கழியுங்கள். 12 போருக்குச் சுமார் 18.5 மில்லிமீட்டர். மூன்று குண்டு தற்செயலாக ஒட்டி விழலாம், குறைந்தது ஐந்து சுடுங்கள். தனியாகப் போன ஒன்றை 'அது என் கை தவறு' என்று விட்டுவிடாதீர்கள், அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். குறிபார்க்கக் குழல் முனையில் ஒரு சிறு மணி மட்டும் உள்ள துப்பாக்கியில் 50 மீட்டரில் 10 சென்டிமீட்டருக்குள் வந்தால் நான் திருப்திப்படுவேன்.

கேள்வி: சபாட் ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள் குழலைவிடச் சிறிய குண்டு உள்ளது) விலை அதிகம், அதனால் இன்னும் துல்லியமாகப் போகுமா?

பதில்: உங்கள் குழலில் போகாது. சபாட் நேராகப் போக அது சுழல வேண்டும், சுழற்றுவது குழலுக்குள் இருக்கும் வரிகள். வழவழப்பான குழலில் அது புரண்டு புரண்டு போய்த் தாளில் பக்கவாட்டு ஓட்டை போடும், காசும் போகும். உங்களுக்கு ஏற்றது வழவழப்பான குழலுக்கென்றே செய்த ஃபாஸ்டர் அல்லது ப்ரென்னெக்கே வகை ஸ்லக். ஃபாஸ்டரின் பக்கத்தில் இருக்கும் வரிகள்தான் அதைச் சுழற்றுகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அதை நேராக வைப்பது கனமான மூக்கும் உள்ளீடற்ற பின்பகுதியும்தான், இறகுப்பந்து போல. சோக் (குழல் முனையின் குறுக்கம்) குறுக்கமே இல்லாத சிலிண்டரோ, லேசாகக் குறுகிய இம்ப்ரூவ்டு சிலிண்டரோ இருக்கட்டும், இறுக்கமானது வேண்டாம்.

கேள்வி: உதை குறைந்த ஸ்லக் வாங்கினால் துல்லியம் குறையுமா?

பதில்: அப்படி ஒரு விதியும் இல்லை. வேகம் குறைவதால் தூரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாழும், அவ்வளவுதான். பல பேருக்கு அதில்தான் குவிப்பு சுருங்குகிறது. போவதற்கு முன்னால், உங்கள் ரேஞ்சில் ஸ்லக் சுட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் சிறுகுண்டு மட்டும்தான் விடுவார்கள்.