கிளிக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது யார்?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 42. தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, மகள் ஒன்பதாம் வகுப்பு. நான்கு வருடத்துக்கு முன்னால் மாமனார் காலமானார். அத்தைக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று கணவர் ஒரு பச்சைக்கிளிக் குஞ்சை வாங்கிவந்தார். மீனு என்று பெயர் வைத்தோம். அத்தைக்கு முழங்கால் வலி, அதிகம் நடமாட மாட்டார். பின்கட்டில் அவர் அறையிலேயே கூண்டு இருக்கிறது. மீனு நன்றாகப் பேசும். "பால் வந்திருச்சு" என்னும். குக்கர் மாதிரி விசிலடிக்கும். "யாராவது இருக்கீங்களா?" என்று அசல் மனுஷக் குரலில் கேட்கும். பிள்ளைகள் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள், பார்த்துச் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. இப்போது மூன்று மாதமாக நெஞ்சு இறகையெல்லாம் அதுவே பிடுங்கிப் போடுகிறது. தோல் தெரிகிறது. கை நீட்டினால் கடிக்கிறது, ஆள் நகர்ந்தால் கத்துகிறது. பால்சாதம், சூரியகாந்தி விதை, பச்சை மிளகாய், டீயில் நனைத்த பிஸ்கட் கொடுக்கிறோம். இறகு முளைக்க என்ன மருந்து? ஜோடி சேர்த்தால் சரியாகுமா? கிளி வளர்ப்பதே சட்டப்படி குற்றம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மீனாட்சி கையிலேயே கிளி இருக்கிறதே என்கிறார் அத்தை. அவருக்கும் சில வாரமாக வறட்டு இருமல். பிள்ளைகளோ இதைப் பறக்கவிட்டுவிட்டு நாய்க்குட்டி வாங்கலாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: இறகு பிடுங்கும் கிளியைப் பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை. ஊர்தான் மாறும், பால்சாதமும் சூரியகாந்தி விதையும் மாறாது. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்க மீனுவுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

நீங்கள் இல்லை. பிள்ளைகளும் இல்லை, அவர்கள் கற்றுக்கொடுத்திருந்தால் சினிமா வசனம் பேசியிருக்கும். கிளி தன் கூட்டத்தின் ஒலியைப் பிடித்துக்கொள்ளும் பிறவி. காட்டில் ஒன்றையொன்று தொலைத்துவிடாமல் இருக்க ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெனிசுவேலாவில் ஒரு சின்னக் கிளி இனத்தை ஆராய்ந்தவர்கள் 2011-இல் ஒரு செய்தி சொன்னார்கள்: பொந்தில் இருக்கும் குஞ்சுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கூவலைத் தாய் தகப்பனிடமிருந்தே எடுத்துக்கொள்கிறதாம், நாம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி. கூண்டுக் கிளிக்குக் கூட்டம் கிடையாது. அதனால் அறையில் எது அடிக்கடி கேட்கிறதோ, எது மனசோடு சொல்லப்படுகிறதோ, அதைப் பிடித்துக்கொள்கிறது.

அதாவது, உங்கள் பின்கட்டில் நான்கு வருடமாக என்னென்ன கேட்டது என்பதற்கு மீனுதான் சாட்சி. பால்காரர் வந்த சத்தம் கேட்டிருக்கிறது. அடுப்படியிலிருந்து குக்கர் கேட்டிருக்கிறது. நீங்கள் பள்ளிக்கும் அவர் கடைக்கும் பிள்ளைகள் டியூஷனுக்கும் போனபிறகு, கட்டிலைவிட்டு இறங்க முடியாத ஒரு பெண் கூப்பிட்டது கேட்டிருக்கிறது. தண்ணீருக்கோ, பாத்ரூமுக்குக் கைகொடுக்கவோ, சும்மாவோ. எத்தனை முறை கூப்பிட்டிருந்தால் ஒரு பறவை அதைக் குரலோடு மனப்பாடம் செய்திருக்கும்? அதே அறைவாசலில் தினமும் யாராவது நின்று "சாப்பிட்டீங்களா அத்தை" என்று கேட்டிருந்தால், "கால் எப்படிம்மா இருக்கு" என்று கேட்டிருந்தால், மீனு அதையும் சொல்லியிருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த மாதிரி ஒரு வார்த்தையும் இல்லை. இந்த அழைப்பைத்தான் ஸ்டேட்டஸ் வைத்து ஊருக்கே காட்டிச் சிரித்திருக்கிறீர்கள். அத்தையும் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பார்.

மருமகளை மட்டும் நிற்க வைத்துக் கேட்கிற பழைய பழக்கம் எனக்கில்லை. அத்தை உங்கள் கணவரைப் பெற்றவர். ஆகவே இந்தப் பக்கத்தைக் கணவர் முன்னால் வையுங்கள். தகப்பனைப் பறிகொடுத்த வீட்டில் தாயின் பக்கத்தில் உட்கார வேண்டிய மகன், ஒரு கூண்டை வாங்கி அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். ஆசையோடுதான் வாங்கியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் பெற்றவளுக்குச் செய்ய வேண்டியதைக் காசு கொடுத்து வேறொரு உயிரின் தலையில் கட்டக் கூடாது. நான் அப்படித்தான் வளர்ந்தேன். இன்றைக்கும் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது கிளிக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி. நம் பச்சைக்கிளி, செந்தார்ப் பைங்கிளி என்று பறவை பார்ப்பவர்கள் சொல்வது, நாட்டுப் பறவை, அதாவது காட்டுயிர். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிக்கவோ விற்கவோ வீட்டில் வைக்கவோ விடாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது; பைங்கிளி இப்போது இரண்டாம் அட்டவணையில். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. 'குஞ்சிலிருந்தே வளர்க்கிறோம், பிள்ளை மாதிரி' என்பதெல்லாம் சட்டத்தின் முன்னால் நிற்காது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று கிளி சீட்டு எடுத்துக் கொடுக்க, வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்ததே, படிக்கவில்லையா? லவ்பேர்ட்ஸ் வளர்க்கிறார்களே என்று கேட்காதீர்கள். அவை வெளிநாட்டு இனங்கள், கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டவை. உங்கள் மீனு அப்படியில்லை. தை, மாசி, பங்குனியில் மரப்பொந்துக்குள் கைவிட்டு, இறகு முளைக்காத குஞ்சாக எடுத்து, கூடையில் அடைத்துக் கொண்டுவந்ததில் உயிரோடு மிஞ்சிய ஒன்று.

மீனாட்சி கையில் கிளி இருப்பது உண்மைதான். அங்கே கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்றும் இருக்கிறது. ஒருகாலத்தில் கிளிகளை அடைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கிய இடம். இப்போது அங்கே கிளிகள் கிடையாது, பெயர் மட்டும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருப்பதோ தினம் தினம் இலையில் புதிதாகச் செய்யும் கிளி. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லுகிற சாக்கிலாவது கொஞ்சநேரம் பக்கத்தில் உட்காரலாம்.

மீனுவுக்கு இறகு முளைக்க மருந்து கேட்டீர்கள். தலை இறகு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு மொட்டை, தலை மட்டும் செழிப்பு என்றால் அது தானே பிடுங்குகிறது. தலைக்கு அதன் அலகு எட்டாது. தலையிலும் கொட்டியிருந்தால் வேறு நோய். தோலில் பூச்சி, சத்துக்குறைவு, ஈரல் கோளாறு, தனிமை, வேலையற்ற சலிப்பு என்று எதனாலும் பிடுங்கும். பார்க்காமல் மருந்து சொல்ல நான் யார்? பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

சாப்பாட்டை இன்றைக்கே மாற்றலாம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் வசதி பறவைக்கு இல்லை, பால்சாதம் வேண்டாம். டீ அதன் இதயத்துக்கு ஆகாது. சூரியகாந்தி விதை மட்டும் தின்கிற கிளிக்குக் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும். மிளகாய் கொடுக்கலாம், காரம் அதற்குத் தெரியவே தெரியாது. முருங்கைக்கீரை, கேரட், கொய்யா, ஊறவைத்த பயறு, கொஞ்சம் கம்பு, தினை கொடுங்கள். அவகாடோ மட்டும் கூடாது, விஷம். இன்னொன்று: குக்கர் விசிலைப் பழகியிருக்கிறதென்றால் கூண்டு அடுப்படி பக்கத்தில்தான் இருக்க வேண்டும். நான்-ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் விட்டுக் கருக்கினால் வரும் புகை நமக்கு இருமலோடு போகும், கூண்டிலிருக்கும் பறவையைக் கொன்றுவிடும்.

இருமல் என்றதும் அத்தையின் வறட்டு இருமல் ஞாபகம் வருகிறது. கிளி இறகுக்கும் இருமலுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல எழுதியிருக்கிறீர்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு நுரையீரல் காய்ச்சல் இருக்கிறது. காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தால் வரும். வயதானவர்களுக்கு ஆபத்து. அத்தைக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போய், 'படுக்கிற அறையிலேயே கிளி இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் சொன்னால்தான் அவர் அந்த வழியில் யோசிப்பார். இன்று இரவே கூண்டை அறைக்கு வெளியே எடுத்து வையுங்கள். கூண்டுத் தாளை மாற்றும்போது தண்ணீர் தெளித்து, முகத்தை மூடிக்கொண்டு எடுங்கள். கிளியின் இறகை எழுதி நிரப்பிய கடிதத்தில் அத்தையின் இருமலுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜோடி வாங்கவே கூடாது. ஒரு குற்றம் இரண்டாகும், இன்னொரு பொந்து காலியாகும். தவிர, மீனு ஆணா பெண்ணா என்றே உங்களுக்குத் தெரியுமா? ஆணாக இருந்தால் மூன்று வயதுவாக்கில் கழுத்தைச் சுற்றி ரோஜா நிற வளையம் விழுந்திருக்கும். கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் காணோம். பெயர் வைத்ததோடு சரி, யாரும் கழுத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பறக்கவிடவும் கூடாது. இது புண்ணியம் என்று நினைத்துப் பலர் மொட்டைமாடியிலிருந்து வீசுகிறார்கள். பறக்கும் தசை சோர்ந்துபோன, இரை தேடத் தெரியாத, பூனையையும் வல்லூறையும் பார்த்தறியாத பறவை அது. சாயங்காலத்துக்குள் காக்கைக் கூட்டம் கொத்திவிடும். வழி ஒன்றுதான்: மாவட்ட வன அலுவலகத்துக்கு நீங்களே கொண்டுபோய் ஒப்படையுங்கள். பிடிபடுகிறவரைக்கும் காத்திருப்பது வேறு, தானாக வந்து கொடுப்பது வேறு. பறக்கப் பழக்க முடிந்தால் பழக்கி விடுவார்கள், முடியாவிட்டால் மற்ற கிளிகளோடு வைப்பார்கள். இருபது இருபத்தைந்து வருடம் வாழக்கூடிய பறவை. அதற்கு இன்னும் ஆயுள் கிடக்கிறது.

ஆனால் நாளைக்கே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அந்த அறையில் கணவனை இழந்த ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பேச மிஞ்சியது அந்தக் கிளிதான். அவர் தூங்கும்போது கூண்டை அப்புறப்படுத்தினால் அது திருட்டு. முதலில் கட்டிலை முன்கூடத்துக்கு மாற்றுங்கள். வருகிறவர் போகிறவர் கண்ணில் பட வேண்டும், டிவி சத்தம், பிள்ளைகள் சண்டை எல்லாம் காதில் விழ வேண்டும். தம்பி பன்னிரண்டாவது படிக்கிறான், தொந்தரவாகும் என்பீர்கள். பாட்டி இருக்கிற கூடத்தில் படித்துத்தான் நம் தலைமுறை தேறியது. உங்கள் கணவர் இரவு கடை அடைத்து வந்ததும் முதலில் அம்மாவின் கட்டிலில் உட்கார வேண்டும், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தாலும் சரி. பகலில் நீங்கள் யாரும் இல்லாத நேரத்துக்குச் சம்பளம் கொடுத்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்யுங்கள். கூப்பிடும் தூரத்தில் ஒரு போன் இருக்கட்டும், மதியம் யாராவது ஒருவர் கட்டாயம் அழையுங்கள். இது கொஞ்சநாள் ஓடி ஒரு பழக்கம் ஆகட்டும். மீனு போக வேண்டியதை அதற்குப்பிறகு மகன்தான் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. சட்டம் சொல்கிறது என்று பயமுறுத்தாமல், அதற்கு உடம்பு சரியில்லை, அதன் கூட்டத்தோடு சேர்க்கப் போகிறோம் என்று உள்ளதைச் சொன்னால் போதும். வாங்கிவந்தவர் அவர். கொண்டுபோகும்போது அத்தையைக் காரில் ஏற்றிக் கூடவே கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

நாய்க்குட்டியா? உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டாம். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போகிற வீட்டில் அதுவும் குரைத்துக் குரைத்துத்தான் வளரும். பிள்ளைகளுக்கு அன்பு காட்ட ஓர் உயிர் வேண்டும் என்றால், கூடத்தில் பாட்டி இருப்பார். கால் பிடித்துவிடச் சொல்லுங்கள். அந்த வீடியோவை முதலில் அழிக்கச் சொல்லுங்கள். சட்டச் சிக்கலுக்காக மட்டும் இல்லை.

வன அலுவலகத்தில் கிளியைக் கொடுக்கும்போது கூண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். காலிக்கூண்டு வீட்டில் கிடந்தால், வருகிற சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு இன்னொரு குஞ்சை வாங்கிவந்து நிற்பார்.