காவலர் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

கே: கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். மகன் கல்லூரிப் படிப்பை முடித்த பிறகு கருணை அடிப்படையில் வேலை கேட்கலாமா? (மதுரை)

ப: இறந்த தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்ததுதான் மிச்சம். மனு கொடுத்ததும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: எங்களுக்கு எவ்வளவு குடும்ப ஓய்வூதியம் வரும்? (ஊர் இல்லை)

ப: ஊரையும் எழுதாமல், அவர் பணியில் சேர்ந்த ஆண்டையும் எழுதாமல் கேட்டால் ஜோதிடர்தான் பதில் சொல்ல வேண்டும். 1.4.2003-இல் ஓய்வூதியத் திட்டமே மாறியது; அதற்கு முன் சேர்ந்தவரா, பின் சேர்ந்தவரா என்பதிலேயே கணக்கு மாறிவிடும். பணிப்பதிவேட்டைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கே: கணவரின் பேட்ச் நண்பர்கள் திரட்டிய தொகை முழுவதையும் மாமனாரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்க வழி உண்டா? (விழுப்புரம்)

ப: இது அரசு தரும் பணிப்பயன் அன்று. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த காவலர்கள், தங்களில் ஒருவர் இறந்தால் தலைக்கு 500 ரூபாய் என்பதுபோல வாட்ஸ்அப் குழு வழியாகத் திரட்டித் தருகிறார்கள். பெரிய பேட்ச் என்றால் அது 10, 20 லட்சத்தைத் தொடும். தமிழகக் காவல் துறையில் எந்த ஆணையும் இல்லாமல் வளர்ந்த இந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அதனால்தான் கோபமும் வருகிறது. காசோலையின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கைக்குழந்தையோடு ஓரத்தில் நிற்கும் பெண்ணிடம், பணத்தை யார் பெயரில் போடுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. விவரமறிந்த குழுக்கள் பெரும்பகுதியைக் குழந்தைகள் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டு, மீதியை மனைவிக்கும் பெற்றோருக்கும் பிரித்துத் தருகின்றன. உங்கள் குழுவின் பொறுப்பாளர்களையே நடுவில் வைத்துப் பேசுங்கள்; முடிவானதை எழுத்தில் வாங்குங்கள். வழக்கு கடைசி வழிதான்.

கே: காவலர் குடியிருப்பில் மனைவியர் சேர்ந்து உதவிக் குழு தொடங்கினால், காவலர்கள் சங்கம் சேர்வதைக் கட்டுப்படுத்தும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்குமா? (திருச்சி)

ப: அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது காவல் படையினரைத்தான், அவர்களுடைய மனைவியரை அன்று. கணவர் பெயரைப் பொறுப்பாளர் பட்டியலில் சேர்க்காதீர்கள். வரவு செலவை எழுத்தில் வையுங்கள்.

கே: கணவருக்குக் குடி அதிகமாகிவிட்டது. யாரிடம் சொல்வது? (சேலம்)

ப: பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் துணையோடு 2018-இல் தொடங்கிய காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி குடும்பத்தினருக்கும் உரியது. மாவட்டக் காவல் அலுவலகத்தில் அதன் பயிற்சியாளர் யார் என்று விசாரித்து, நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்.