பார்வை ஏறுது, விற்பனை ஏறலையே?

யூடியூப் விளம்பரம் பற்றி நம்ம கன்னியாகுமரி மாவட்ட வியாபாரிகள் கேட்டவற்றில் சில.

மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறேன். விளம்பரத்துக்குப் பார்வை ஆயிரக்கணக்கில் ஏறியது, ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. ஏமாற்று வேலையா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். யார் கண்ணில் பட்டது என்று பாருங்கள். யூடியூப் விளம்பரம் கொடுக்கும் தளமான கூகுள் ஆட்ஸில் இடம் தேர்வு செய்யும் பகுதியில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மீது ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்க்கும் அமைப்பு உண்டு. பல மாவட்டங்களுக்கு இதனால் பெரிய சேதமில்லை. நமக்கோ, விவேகானந்தர் பாறை பார்க்க லாட்ஜ் தேடும் டெல்லிக்காரரும் 'கன்னியாகுமரியில் ஆர்வமுள்ளவர்'தான்! அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றிவிடுங்கள். அடுத்து, விளம்பரம் ஓடிய சேனல்களின் பட்டியலைத் திறங்கள். கார்ட்டூனும் குழந்தைப் பாட்டுமாக இருந்தால், போன் பாட்டியுடையது, பார்த்தது பேரப்பிள்ளை. அந்தச் சேனல்களை விலக்கலாம். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் மலையாள சேனல் பார்ப்பவர்கள் நிறைய. தமிழ் மட்டும் என்று மொழியைச் சுருக்காதீர்கள்.

நாகர்கோவிலில் துணிக்கடை. எல்லோரும் ஐந்தாவது விநாடியில் ஸ்கிப் அடிக்கிறார்கள். காசு வீணா?

இல்லை. பார்வைக்குக் கட்டணம் என்ற முறையில், 30 விநாடி பார்த்தாலோ, விளம்பரம் அதைவிடச் சின்னதென்றால் முழுவதும் பார்த்தாலோ, தொட்டு உள்ளே போனாலோதான் காசு. முதல் 5 விநாடி உங்களுக்கு ஓசி. அதில் நம்மவர்கள் என்ன காட்டுகிறார்கள்? ட்ரோனில் கடை மாடி, குத்துவிளக்கு, நாதஸ்வரம். கடைப் பெயர் கடைசியில்! தலைகீழாக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே பட்டுச்சேலையின் முந்தி விரியட்டும், கூடவே கடைப் பெயரும் 'வடசேரி' என்ற இடமும் காதில் விழட்டும். ஸ்கிப் அடிப்பவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஆறு விநாடி விளம்பரம் போதுமா?

ஊரறிந்த கடைக்குப் போதும். புதுக்கடைக்கு வேண்டாம். அதை ஸ்கிப் செய்ய முடியாது. கட்டணமும் ஆயிரம் முறை காட்டுவதற்கு இவ்வளவு என்ற கணக்கு.

தக்கலையிலும் குளச்சலிலும் பேக்கரி இருக்கிறது. விளம்பரத்தால்தான் விற்பனை கூடியது என்று எப்படித் தெரியும்?

எல்லோரும் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். நவம்பர் கடைசியில் விளம்பரம் போட்டு டிசம்பரில் கல்லா நிறைந்தால், அது கோட்டாறு சவேரியார் திருவிழாவும் கிறிஸ்துமஸும் செய்த வேலையாக இருக்கலாம். அதனால் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். பண்டிகை இல்லாத மூன்று வாரம் குளச்சலைச் சுற்றி மட்டும் ஓட்டுங்கள், தக்கலையைச் சும்மா விடுங்கள். இரண்டு கடையின் தினசரி பில்லையும் எழுதி வையுங்கள். பிறகு ஊரை மாற்றி ஓட்டுங்கள். இரண்டு தடவையும் விளம்பரம் ஓடிய கடை முந்தினால் நம்பலாம். கூடுதல் விற்பனையை அல்ல, அதில் நின்ற லாபத்தைச் செலவோடு வைத்துப் பாருங்கள். விளம்பரத்துக்கான பில்லில் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். முடியாதென்றால் அதுவும் செலவுதான்.